கேடயத்துக்கு இரண்டு புள்ளி

கொட்டச்சேடு என்ற மலைக்கிராமத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் ஞாயிறு மதியம் மூன்று மணி முதல் ஆறு மணி வரைதான் பேச்சுக்குரல் கேட்கும். அதுவும் கணினிக்குள்ளிருந்து. கல்லூரியில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடிய நாங்கள் நான்கு பேர், ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகும் அந்த விளையாட்டை விடவில்லை. ஒருவன் கதையை நடத்துவான். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடை உருட்டுவோம். என் பாத்திரம் வாளும் கேடயமும் ஏந்திய காவல்காரி. மற்ற ஆறு நாட்களும் நான் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்தினேன். பால் வாங்கும்போது பேசுகிற நாலு வார்த்தையோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

விளையாட்டின் விதிப்படி, கேடயம் வைத்திருந்தால் தற்காப்பில் இரண்டு புள்ளி கூடும். அவ்வளவுதான். ஒரு மழை ஞாயிறன்று கோடரிக்காரன் ஒருவன் என் காவல்காரியை மடக்கினான். கேடயத்தால் அவன் கோடரியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வெட்டுகிறேன் என்றேன்.

“அப்படி விதி இல்லை” என்றான் கதை நடத்துபவன்.

“நிஜத்துல கேடயம் சும்மா தொங்கிட்டா இருக்கும்?”

“நீ நிஜத்துல கேடயம் பிடிச்சிருக்கியா?”

மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

அந்த வாரம் முழுக்க அந்தச் சிரிப்பே காதில் இருந்தது. வீட்டுக்காரர் விட்டுப்போன பிளைவுட் துண்டில் ஓட்டை போட்டுக் கயிற்றால் பிடி கட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் அதை இடது கையிலும் ஒட்டடைக் குச்சியை வலது கையிலும் பிடித்துக்கொண்டு வாசலில் வீசிப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் தனியாகக் குடியிருந்த அக்கா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

“ஏனுங்க அம்மிணி, குரங்கு வந்துருச்சுங்களா?”

வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

“ஆரும் அடிக்காம நீங்களா ஆடுனா எப்படிங்க தெரியும்?” என்றவர் தன் வீட்டுக்குள் போய் ஒரு மூங்கில் கம்போடு வந்தார். “கண்ணாடியக் கழட்டி வெச்சுப்போட்டு வாங்க.”

கேடயத்தை மார்போடு சேர்த்துப் பிடித்தேன். முதல் அடி முழங்காலுக்குக் கீழே விழுந்தது. கீழே இறக்கினேன், கம்பு என் தலைக்கு மேல் வந்து நின்றது. “மண்டைங்க” என்றார். முகத்தை மறைத்தால் எனக்கே எதுவும் தெரியவில்லை. கடைசியில் கையை முன்னால் நீட்டினேன். கம்பு கிளம்பும்போதே பலகையில் முட்டியது. ஒருமுறை நானே முன்னேறி, கம்பை அவர் உடம்போடு சேர்த்து அமுக்கி, ஒட்டடைக் குச்சியால் தோளைத் தொட்டேன்.

“அட, என்னைப் புடிச்சுப்போட்டீங்களே!” என்று வாய்விட்டுச் சிரித்தார்.

நான் சொன்னது சரிதான். ஆனால் கொஞ்ச நேரத்தில் தோள் மரத்து, கை தானாகவே இறங்கிவிட்டது. இப்படி நீட்டிப் பிடித்தபடி ஒரு சண்டை முழுக்க என்னால் நிற்க முடியாது. அதற்கு விதியும் இல்லை.

“நொம்ப வலிக்குதுங்களா?” என்று குனிந்து என் கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். பல மாதங்களில் இன்னொருவர் கை என்மேல் பட்டது அதுதான் முதல் தடவை. கண் நிறைந்துவிட்டது. வலி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ராத்திரியே நான்கு பக்கம் எழுதினேன். கேடயத்தால் அமுக்கவும் இடிக்கவும் புதிய விதிகள், கை சோர்வதற்கு ஒரு விதி. மறுநாள் மூன்று மணிக்குக் கதை நடத்துபவன் மட்டும்தான் வந்தான். ஒருத்தி வீடு மாறுகிறாளாம். இன்னொருவன் குழந்தைக்குக் காய்ச்சல்.

“கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போமா? யாருக்கும் நேரம் அமையல” என்றான்.

“சரி” என்றேன்.

எழுதியதை அனுப்பினேன். நாலைந்து நாள் கழித்துப் பதில் வந்தது: “நீ சொன்னதுதான் சரி. மறுபடி ஆரம்பிக்கும்போது மாத்திடலாம்.” மறுபடி ஆரம்பிக்கவேயில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் என்ன செய்வதென்று தெரியாமல் துணி துவைத்தேன். அக்கா வீட்டில் டிவி ஓடியது. போய்ப் பேசலாம் என்று வேலி வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மூன்றாம் தடவை பார்த்துவிட்டார்.

“இன்னிக்கு லீவுங்களா அம்மிணி? உள்ள வாங்க, காப்பி வெக்கிறேன்.”

“இல்லீங்கக்கா, வேலை இருக்கு” என்றேன்.

வேலை எதுவும் இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன்.