ஒருசந்தியும் ஓட்டமும்

இருபத்திரண்டு வயது வரை நான் தும்மாத வாரம் கிடையாது. மாதா கோயில் பூசையில் சாமியார் குரலைவிட என் தும்மல்தான் உரக்கக் கேட்கும். அப்படிப்பட்டவனுக்கு, எங்கள் ஊரைப் போலவே பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில், சுங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை வந்தது. ஆனால் வைத்தியப் பரிசோதனையில் தேறினால்தான் கப்பல். முப்பதுகளின் புதுச்சேரியில் சைகோன் வேலையைவிடப் பெரிய அதிர்ஷ்டம் எங்களுக்குத் தெரியாது. அப்பா இல்லாத வீடு, அம்மாவும் நானும்தான்.

பரிசோதனைக்கு நான்கு மாதம் இருந்தது. தினமும் விடிந்ததும் பக்கத்திலிருக்கும் கருவடிக்குப்பம் வரை மெதுவாக ஓடிப்போய், நடந்து திரும்பினேன். தெரு நாய்கள் முதல் வாரம் துரத்தின. பிறகு அவற்றுக்கே அலுத்துவிட்டது. மார்கழிப் பனியிலும் சளியைக் காணோம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பரிசோதனை திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளி, ஈஸ்டருக்கு முன்பான தபசு காலத்து வெள்ளி. வீட்டில் ஒருசந்தி, அதாவது ஒரே வேளைச் சாப்பாடு. பட்டினியோடு ஓடினால் ஆத்துமத்துக்கும் ஆச்சு, உடம்புக்கும் ஆச்சு என்று நினைத்து, அந்த ஒரு வேளையையும் மாலைக்குத் தள்ளிவிட்டு, வடக்கு எல்லையிலிருக்கும் கனகசெட்டிக்குளம் வரை ஓடித் திரும்பினேன். திரும்பும்போது மீன்காரப் பெண்கள் கூடையோடு என்னைத் தாண்டிப் போனார்கள். சனிக்கிழமை தொண்டை கட்டியது. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல். என் முட்டாள்தனத்தை நினைத்து எனக்கே அழுகை வந்தது.

திங்கட்கிழமை டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னாப்பா பண்ண?" என்றார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். நடந்ததைச் சொன்னேன்.

"பட்டினியாவா? தினம் அளவா ஓடுனா, ஒடம்புக்குள்ள நோயத் தடுக்குற சக்தி முழிச்சிக்கிட்டிருக்கும். சக்கையாப் புழிஞ்சா அதுவும் ரெண்டு மூணு நாளு அசந்துடும். இது பொஸ்தகத்துல இல்ல, உன்ன மாதிரி சூரனுங்களப் பாத்துக் கத்துக்கிட்டது. ஒரு வாரம் நல்லா சாப்புட்டுத் தூங்கு, அப்பறம் வா."

"ஓட வேணாமா, முசே?" என்றேன், எங்கள் ஊர்ப் பிரெஞ்சு மரியாதையோடு.

"காய்ச்சல் விட்டப்புறம் நட. போதும்."

அடுத்த திங்கட்கிழமை தேறிவிட்டேன். வீட்டுக்குப் பறந்து வந்து காகிதத்தை நீட்டினேன். படிக்கத் தெரியாத அம்மா அதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தேறிட்டேம்மா!"

சிரித்தாள். என் கன்னத்தைத் தடவினாள். பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு, "அந்த டாக்டரு இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.