மாதாவுக்குப் பின்னால் கட்டிய நைலான் புடவை

எங்கள் கும்மிடிப்பூண்டி மாதா கோயில் பங்கில் அக்டோபர் மாதம் ஜெபமாலைக்காக மாதா சுரூபம் வீடு வீடாக வரும். அதை வைக்கிற பீடம் ஜோடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்றிருந்தேன், ஊத்துக்கோட்டையிலிருந்து ஸ்டெல்லா பக்கத்துத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வரும்வரை. மாதா சபைக்காக இருவரும் சேர்ந்துதான் நோயாளிகளுக்குக் கஞ்சி கொண்டுபோவோம். ஆனால் அவள் வீட்டுப் பீடத்தைப் பங்குச் சாமியார் வாயாரப் புகழ்ந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சுரூபம் என் வீட்டுக்கு வந்தது. கிறிஸ்துமஸுக்கு என் கணவர் எடுத்துத் தந்த நைலான் புடவையைப் பின்னால் திரையாகக் கட்டி, இரு பக்கமும் மெழுகுதிரிகளை நெருக்கமாக ஏற்றினேன். “இன்னா அழகு!” என்று வந்தவர்கள் வியந்தார்கள். ஸ்டெல்லா மட்டும் வாயே திறக்கவில்லை. எனக்கு அதுதானே வேண்டும்!

ஜெபமாலை முடிந்து மன்றாட்டு மாலை சொல்லும்போது எல்லோரும் கண்மூடியிருந்தோம். திடீரென்று, “அக்கா, பொடவ எரியுது!” என்று ஸ்டெல்லா அலறினாள். நான் எழுவதற்குள் திரையை இழுத்துத் தரையில் போட்டு, குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டாள். எங்களுடையது ஓலைக்கூரை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வீடே போயிருக்கும்.

“உனக்கு மட்டும் எப்டிம்மா தெரிஞ்சுது?” என்றேன்.

“நான் எங்கக்கா கண்ண மூடினேன்? பொறாமையில உன் ஜோடனையத்தான் பாத்துக்கினே இருந்தேன்.”

இப்போது என் பீடத்தில் பருத்தித் துணிதான்; மெழுகுதிரி எட்டவே நிற்கும். அவள் வீட்டு ஜெபத்தில் நானும் கண் மூடுவதில்லை. நெருப்புக்குப் பயந்துதான் என்று சொன்னால் மாதாவே நம்பமாட்டார்.