சிவப்புத் துணி கட்டிய தடி

மார்ச் மாதம் பிறந்ததும் இந்த நகரத்தின் நடைபாதைகளில் தடிகள் தோன்றும். கூரையில் இறுகிக் கிடக்கும் பனிக்கட்டி வெயிலுக்கு இளகி எந்த நேரமும் தலையில் விழலாம் என்பதால், கட்டிடக்காரர் ஒரு பலகைத் துண்டையோ தடியையோ சுவரில் சரித்து வைத்து, நுனியில் சிவப்பு நாடா கட்டிவிடுவார்கள். எழுத்து எதுவும் இருக்காது. மொன்றியல்காரர் அதைக் கண்டதும் நிமிர்ந்து கூரையைப் பார்த்துவிட்டு, சற்று விலகி நடந்துபோவார்கள். நான் நின்றுவிடுவேன். என் கண் நிலத்தைத்தான் தேடும். ஒருமுறை எங்கள் கட்டிடத்தில் வசிக்கும் ஒரு கிழவி என் முழங்கையைப் பிடித்து, "ஒன் ஓ, மெசியூ, ஒன் ஓ," என்று விரலால் ஆகாயத்தைக் காட்டினார். ஆபத்து மேலே இருக்கிறது, நீ ஏன் கீழே பார்க்கிறாய் என்பது அவருடைய கேள்வி. எனக்குக் கண்பார்வை மங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். நான் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கத்தால் போனேன். இருபத்தெட்டு வருடமாக அப்படித்தான் போகிறேன்.

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஊரில் புவியியல் படிப்பித்தவன். இங்கே வந்து உடுப்புத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்தவன். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களிடமும், என்னைப் போல இங்கே வந்து ஒதுங்கியவர்களிடமும் ஒரு விசயத்தைச் சொல்லவேண்டும். போன செப்ரெம்பரில் அதை ஒருவரிடம் சொல்லிவிட்டேன். இனி மற்றவர்களுக்கு மறைப்பதில் பொருளில்லை.

அந்த ஒருவர் குகன், என் மனைவி மலரின் தம்பி. போருக்கு முன்னமே கனடா வந்தவர். செயின்ட்-மிஷேலில் தெப்பனர் என்று இங்கே சொல்லும் மூலைக்கடை ஒன்றை நடத்தி, இப்போது அதை மகனிடம் விட்டுவிட்டு கோல்ஃப் பைத்தியமாகத் திரிகிறார். முந்திய குளிர்காலத்தில் மலர் இறந்துபோனாள். நான் வீட்டுக்குள்ளேயே கிடப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் வந்து, "அத்தான், சட்டை மாத்துங்கோ. கடல் பாக்கப் போறம்," என்றார்.

"மொன்றியலிலை எங்கையடாப்பா கடல்?"

"ஏழு மணித்தியாலம் ஓடினால் வரும்."

நகரத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் அதே ஆற்றின் கரையோடு கிழக்கே போனோம். போகப் போக ஆறு அகன்றது. எதிர்க்கரை நீலக் கோடாகி, பிறகு இல்லாமல் போனது. அந்தப் பக்கத்து மக்கள் அதை ஆறு என்று சொல்வதில்லை. லா மேர், கடல், என்கிறார்கள். விடுதிக்காரியிடம் நான் ஒரு முன்னாள் ஆசிரியனின் பிடிவாதத்தோடு, இது கழிமுகம், கடல் இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று அரைகுறைப் பிரெஞ்சில் விளக்கினேன். கடலுக்கு எப்படிப் போவது என்று நான் கேட்பதாக விளங்கிக்கொண்ட அவள், யன்னலைத் திறந்து காட்டினாள். காற்றில் உப்பு மணத்தது.

மறுநாள் காலை கோல்ஃப் மைதானத்துக்குப் போனபோது மூடுபனி இறங்கியிருந்தது. லிங்க்ஸ் என்பார்களாம் இந்த வகையை. வெட்டிச் சீர்செய்த பூங்கா போல இல்லை. கடலோரத்து மணல்மேடுகள், அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் முரட்டுப் புல், நடுவே பச்சைத் துண்டுகள். வெயில் நாளில் அழகான இடமாக இருந்திருக்கும். அன்று ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு வரைக்கும்தான் உலகம் இருந்தது. அலை எங்கே உடைகிறது என்று தெரியவில்லை. சத்தம் எல்லாப் பக்கத்தாலும் வந்தது. அந்த மணல்மேடுகளை நான் முன்பே கண்டிருக்கிறேன். வடமராட்சி கிழக்குக் கரையில், புல்லுக்குப் பதிலாக அடம்பன் கொடியும் தாழம்பற்றையும் இருக்கும். மற்றப்படி அதே முதுகுகள்.

குகன் பழைய மட்டைகளை எனக்குத் தந்து சட்டம் சொன்னார். "அடிக்கிறவனுக்கு முன்னாலை ஒருநாளும் நிக்கக்கூடாது. அது ஒண்டு. மற்றது, பந்து பிசகி ஆக்களுக்கு நேரை போனால் ஃபோர் எண்டு கத்தவேணும். அதுதான் இஞ்சத்தை மரியாதை."

"போரோ?"

"போரில்லை அத்தான், ஃபோர். எங்களுக்குப் போர் எண்டால் ஓடவேணும். இவைக்கு ஃபோர் எண்டால் குனியவேணும்." தன் பகிடிக்குத் தானே சிரித்தார். பிறகு பனிக்குள் கையை நீட்டினார். "அந்தா, சிவப்புக் கொடி தெரியுதோ? அதை நோக்கித்தான் போகவேணும்."

தெரிந்தது. ஒரு மெல்லிய தடி. நுனியில் ஈரத்தில் தொங்கும் சிவப்புத் துணி. நான் நின்றுவிட்டேன்.

அந்தத் தடியின் கதை இது. சண்டை எங்கள் ஊருக்கு வந்ததும் நானும் மலரும் கைக்குழந்தையோடு ஓடி, அவளுடைய அண்ணன் பாலனின் கடற்கரை வீட்டில் ஒதுங்கினோம். பாலனும் நானும் ஒரே வயதுக்காரர். ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் அழைப்போம். ஒருநாள் சாப்பாட்டில் இருந்தபோது, "மாஸ்டர் புத்தகம் வாசிக்கட்டும், தண்ணியை நான் அள்ளுறன்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மச்சான் என்று சொல்லாமல் மாஸ்டர் என்று சொன்னது எனக்குச் சுட்டது. கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து நாங்கள் கோபம்.

எங்கள் ஊரில் கோபம் என்பது வெறும் உணர்ச்சி அல்ல, ஓர் ஏற்பாடு என்பதை இதை வாசிக்கும் நீங்கள் அறிவீர்கள். கோபக்காரர் ஒரே வீட்டில் ஒரே கிணற்றில் குளித்துக்கொண்டு மாதக்கணக்கில் கதைக்காமல் இருப்பார்கள். சொல்லவேண்டியதை மூன்றாமவர் கொண்டுபோவார். பாலன் அருகில் நிற்கும்போதே நான் மலரிடம், "உம்மடை அண்ணரிட்டைச் சொல்லும், சைக்கிளுக்குக் காத்தில்லையாம்," என்பேன். அவர் சுவரைப் பார்த்து, "காது இருக்கெண்டு சொல்லு," என்பார். முதலில் கதைப்பவன் தோற்றவன். நாற்பது நாள் நாங்கள் இருவரும் தோற்கவில்லை.

நாற்பதாம் நாள் மாலை மீன்காரர் ஒருவர் சந்தியில் என்னை மறித்தார். "மாஸ்டர், தாழம்பற்றைப் பக்கத்தாலை கரைக்குப் போகாதேங்கோ. மிதிவெடி கிடக்குதாம். ஒரு தடியிலை சிவப்புத் துணி கட்டி விட்டிருக்கு." மலரிடம் சொல்லி அனுப்பலாம் என்று வீட்டுக்கு வந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல், அவள் பிள்ளையை அணைத்தபடி நித்திரையாகியிருந்தாள். பாலன் முற்றத்தில் இருந்து வலைக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். ஏழெட்டு அடி தூரம். காலையில் மலர் சொல்லட்டும் என்று படுத்துவிட்டேன்.

விடிந்தபோது பாலன் மீன் வாங்கப் போய்விட்டிருந்தார். நான் பின்னால் போனேன். எச்சரிக்கத்தான் போனேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். அது உண்மையா என்பது எனக்கே தெரியாது. மணல்மேட்டின் உச்சியில் ஏறியபோது அவர் கீழே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போவதைக் கண்டேன். தாழம்பற்றைப் பக்கம் திரும்பினார். இரவுக் காற்றில் தடி சாய்ந்து, துணி மணலில் பாதி புதைந்து கிடந்தது. மேட்டிலிருந்த எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரிந்திருக்காது. நான் வாயைத் திறந்தேன். கத்துவதென்றால் மச்சான் என்று கூப்பிடவேண்டும். நாற்பது நாளாகச் சொல்லாத சொல். கிட்டப் போனதும் தடியைக் காண்பார், தானே திரும்புவார் என்று நினைத்தேன். வாய் திறந்தபடியே நின்றேன். பன்னிரண்டு அடி நடந்தார். அப்போதே எண்ணினேன் என்று நினைக்கவேண்டாம். பிறகு அந்த மணலில் எண்ணினேன். பன்னிரண்டு காலடிகள் இருந்தன. அதற்கப்பால் ஒன்றுமில்லை.

செத்தவீட்டில் யாரோ, மாஸ்டர் பின்னால்தானே போனவர் என்று இழுத்தபோது மலர் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "தெரிஞ்சிருந்தால் அவர் கத்தியிருப்பார். கோபமெண்டாலும் கத்தியிருப்பார்." அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு இறந்துபோனாள்.

இதெல்லாம் கோல்ஃப் மைதானத்தில் எனக்கு ஒழுங்காக நினைவு வந்தது என்று சொல்லமாட்டேன். மட்டையை ஊன்றுகோலாக்கிக்கொண்டு குகனின் பின்னால் நடந்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ குழியில், கொடிக்குப் பக்கத்தில் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டியபடி முதுகு காட்டி நிற்பதைக் கண்டேன். கிட்டப் போனபோது உயரமாக வளர்ந்த புல். குகனின் பந்து ஒரு மணற்குழிக்குள் விழுந்தது. அவர் அடித்து வெளியேற்றிவிட்டு, அங்கே கிடந்த வாருகோலை எடுத்துத் தன் காலடிகளை ஒவ்வொன்றாக அழித்தார். "இதுவும் சட்டம் அத்தான். ஆள் வந்துபோன தடம் இருக்கக்கூடாது." நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அப்போதுதான் பனிக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. ஆண் குரல், நீளமாக. நான் கேட்டது தெளிவாகப் 'போர்' என்று. குப்புற விழுந்து முகத்தை மணலில் புதைத்தேன். தலைக்கு மேலால் ஏதோ விசிறிப் போய்ப் புல்லில் பொத்தென்று விழுந்தது. பிறகு அலையின் சத்தம் மட்டும்.

சிவப்புத் தொப்பி போட்ட ஒரு கெபெக் மனிதர் ஓடிவந்தார். தெசொலே, தெசொலே என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே என்னைத் தூக்கினார். "நான் கத்தினேன், மெசியூ, உங்களுக்குக் கேட்கவில்லையா, கத்தினேனே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என்னை முன்பின் தெரியாதவர். என் பெயர்கூடத் தெரியாமல் எனக்காகக் கத்தியவர். அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்து எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், கத்தியதற்கு நன்றி என்றேன். "மெர்சி தவ்வார் கிரியே." அவர் முகம் சிவந்தது. குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். கையை உருவிக்கொண்டு பனிக்குள் போய்விட்டார்.

"என்ன அத்தான், மனிசனை நக்கலடிச்சு அனுப்பிப்போட்டியள்," என்று குகன் என் சட்டையில் மணலைத் தட்டினார்.

"குகன், அண்டைக்கு எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"மிதிவெடி கிடக்கிறது. முதல்நாளே எனக்குச் சொன்னவை. பாலன் போறதையும் கண்டனான். கத்தேல்லை."

தட்டிய கை என் தோளில் நின்றது. பிறகு எடுத்துக்கொண்டார். "கடிதம் நீங்கள்தானே எழுதினனீங்கள்," என்றார். ஓம். மொன்றியலில் இருந்த தம்பிக்கு அண்ணனின் சாவை எழுதியது நான்தான். ஒருவருக்கும் தெரியாமல் கிடந்த வெடி என்று, அழகான கையெழுத்தில்.

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"ஏன் கத்தேல்லை?"

"கோபம்."

வேறு எந்த நாட்டு மனிதருக்கும் அந்தப் பதில் போதாது. குகனுக்கு விளங்கியது, அதுதான் கொடுமை. வெகுநேரம் மட்டையின் தலையைத் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "நீங்கள் முன்னாலை நடவுங்கோ," என்றார்.

அடிக்கிறவனுக்கு முன்னால் ஒருநாளும் நிற்கக்கூடாது. அந்தச் சட்டத்தைச் சொல்லித் தந்தவரும் அவர்தான். நான் நடந்தேன். கொடி ஒருமுறை தெரிந்தது, மறைந்தது. எத்தனையாவது அடி என்று எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். முதுகுப் பக்கம் மட்டை காற்றைக் கிழிக்கும் சத்தம், பிறகு சுள்ளென்று ஓர் அடி. திரும்பவில்லை. குனியவும் இல்லை. பந்து என் இடது காதுக்குப் பக்கத்தால் ஊதிக்கொண்டு போய், எங்கோ ஈர மணலில் விழுந்தது. விழுந்ததன் பிறகுதான் குரல் வந்தது. ஃபோர் இல்லை. "அத்தான்!"

ஓடிவந்தார். அறுபத்திரண்டு வயது மனிதர், என் முன்னால் நின்றார். "தெரிஞ்சு அடிக்கேல்லை. பிசகிப்போச்சுது. கத்தத்தான் வாயைத் திறந்தனான் அத்தான்... சத்தம் வரேல்லை."

"தெரியும்," என்றேன்.

அதுதான் அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது. ஏழு மணித்தியாலம் காரில் வந்தோம். கடல் ஒடுங்கி ஆறாகி, எதிர்க்கரை திரும்ப வந்தது. என்னை வாசலில் இறக்கிவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் கோபம். சனிக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தையிலிருந்து கத்தரிக்காயும் தக்காளியும் வாங்கி என் கதவடியில் வைத்துவிட்டு, மணி அடிக்காமல் போய்விடுகிறார். மன்னித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. பட்டினி போட விரும்பவில்லை, அவ்வளவுதான்.

இன்று காலை அவருடைய மனைவி சாந்தி தொலைபேசியில் வந்தாள். "அண்ணை, இவர் சொல்லச் சொன்னவர். உங்கடை கட்டிடத்துக் கூரையிலை பெரிய ஐஸ் தொங்குதாம். காலமை மரக்கறி வைக்க வந்தவர் கண்டவராம். வாசல் பக்கத்தாலை இண்டைக்கு வெளிக்கிடாதேங்கோவாம்."

"பக்கத்திலை நிக்கிறாரோ?"

"நிக்கிறார். கதைக்கமாட்டாராம். உங்கள் ரெண்டு பேருக்கும் நான் தபால்காரியாப் போனன்," என்று அலுத்துக்கொண்டாள்.

கோபத்தோடும் ஒரு சொல்லை அனுப்பலாம். அந்த இரவு நான் எழுப்பாமல் விட்ட மலர் நினைவுக்கு வந்தாள். "சொல்லும்," என்றேன், "எனக்குக் கேட்டதெண்டு சொல்லும்."

பின் கதவால் இறங்கிச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தேன். வாசலில் தடி சாத்தியிருந்தது. நாடா புதுச் சிவப்பு. தெருவைக் கடக்காமல் முதல்முறையாக அதன் எதிரில் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் நிமிர்ந்து கூரையைப் பார்த்துவிட்டு எனக்கு போன்ஜூர் சொன்னார். நானும் நிமிர்ந்து பார்த்தேன். பனிக்கட்டி வெயிலில் மினுங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணை அங்கேயே வைத்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. அது தானாகக் கீழே இறங்கி, நடைபாதையில் கரைந்து கிடந்த சேற்றுப் பனியில் யாரோ முன்னே நடந்துபோன காலடிகளை எண்ணத் தொடங்கியது.