தவமணி தடுத்த விளக்கெண்ணெய்

பதுளை ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடையில் தவமணிக்குப் பார்லி வாங்கிக்கொண்டு திரும்பியபோது, வார்டு அட்டெண்டன்ட் அம்மா வாசலுக்கே வந்து நின்றார். "தம்பி, அது இனி வேணாம்பா" என்றார். பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்தேன். அழவில்லை. இந்த முப்பது நாளும் அழவில்லை. கோபம்தான் வருகிறது.

என் மனைவி தவமணியை உங்களுக்குத் தெரியும். நீங்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைக் காம்பராவில் அவளிடம்தான் பிள்ளையை விட்டுப் போனீர்கள். "கண்டதைத் தின்னிருப்பா" என்று தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் மருந்து ஐயா சாவு வீட்டிலேயே சொன்னார். அது பொய்.

அந்த மாதம் ஹல்துமுல்லைப் பக்கம் எல்லா லய வீடுகளிலும் காய்ச்சலும் இருமலும். காம்பராவில் பிள்ளைகள் இருமின. கூடவே வாந்தி, வயிற்றுப்போக்கு. மருந்து ஐயாவின் வழக்கம் தெரிந்ததே. இருமலுக்கு ஒரு வரிசை, வயிற்றுக்கு இன்னொரு வரிசை. வயிற்று வரிசைக்குப் பேதியாக விளக்கெண்ணெய், தண்ணீர் கூடாது.

தவமணி விடவில்லை. "ஐயா, இருமுற புள்ளதாங்க வாந்தியும் எடுக்குது. ஒரே ஒடம்புக்கு ரெண்டு வரிசையா?"

"நீ தொட்டில ஆட்டு. வைத்தியத்த நான் பாக்குறேன்."

"பாருங்க. முதுகுல காது வச்சுப் பாருங்க. கர்ருனு கேக்குதே, அது வயித்துச் சத்தமா?"

அவர் போத்தலை வைத்துவிட்டுப் போனார். அவள் அதை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். அந்தப் பிள்ளைகள் இன்று உங்கள் வாசலில் ஓடுகின்றன.

பிறகு அவளுக்கே வந்தது. இருமல் கொஞ்சம், வாந்தி நிறைய. மருந்து ஐயா அவளையும் வயிற்று வரிசையில் நிறுத்தி அதே எண்ணெயைக் கொடுத்தார். குடிக்க மாட்டேன் என்றாள். நான் தொழிற்சாலையில் இஞ்சின் பார்ப்பவன். எழுதிக் கொடுத்த அளவை நம்பிப் பழகியவன். "படிச்சவரு குடுத்தது, குடி" என்று அதட்டி, அளந்து ஊற்றினேன். "இஞ்சினுக்கு ஊத்துற மாதிரி ஊத்துறீங்களே" என்று சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள். கொடுக்கவில்லை. நான்தான் கொடுக்கவில்லை.

மறுநாள் லொறியில் பதுளைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர் முதலில் நெஞ்சில்தான் குழாயை வைத்தார். "நோய் நெஞ்சுல. வயிறும் அதோட சேந்து கெட்டிருக்கு. பேதிக்கு யாரு குடுத்தது? ஒடம்புல தண்ணியே இல்லையே" என்றார். பார்லித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், வாங்க ஓடினேன்.

தோட்டத்தில் சாவைப் பதியும் புத்தகத்தில் இன்னும் 'உணவுக் கோளாறு' என்றே இருக்கிறது. மாற்றச் சொன்னேன். "செத்தவளுக்கு என்னத்துக்குப்பா அது?" என்று கேட்கிறார்கள். செத்தவளுக்கு இல்லை. அடுத்து இருமி வாந்தியெடுக்கப் போகிற பிள்ளைக்கு.

லொறியில் அவள் கடைசியாகப் பேசியது இதுதான்: "நீங்க என்ன பண்ணுவீங்க, ஒங்களுக்குத் தெரியாது. இனிமே தெரியும்ல?" அவளுடையதென்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சொல் மட்டும்தான்.

நேற்று மருந்து ஐயா எண்ணெயோடு பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"வழிய விட்டுட்டு வேலைக்குப் போ" என்றார்.

"மொதல்ல ஒவ்வொரு புள்ளையோட நெஞ்சையும் பாருங்க. அப்புறம் போத்தலத் தொறங்க" என்றேன்.

உள்ளே ஒரு பிள்ளை இருமியது. இருவருக்கும் கேட்டது. நான் நகரவில்லை.