கையை எறக்காத மனுசன்

எங்க வூட்டுக்காரரு பீம்ராவு வியாசர்பாடியில பசங்களுக்கு பாக்சிங் சொல்லிக் குடுக்கிறவரு. ஒரு நாளைக்கு நூறு தபா அவரு வாயில வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: "கையை எறக்காதே." மூஞ்சிக்கு முன்னால ரெண்டு கையும் தூக்கியே இருக்கணுமாம், எறக்கினா அடி வுழுமாம். தூங்கறப்போகூட அப்படித்தான் படுப்பாரு. பக்கத்துல படுக்கிறவ கதிய யாரு கேக்குறா?

போன வருசம் அந்தக் கையிலயே நடுக்கம் வந்துச்சு. இது நிக்காது, மாத்திரை கொஞ்சம் அடக்கும், பழகிக்கோங்கன்னாரு டாக்டரு. கேட்டுட்டா அவரு பீம்ராவா? ரப்பர் பந்த அமுக்கினாரு, மணிக்கட்டுல மணல் மூட்டை கட்டிகினாரு. புத்த விகாரைக்குத் தியானத்துக்குப் போயி, மனச அடக்குறேன்னு பல்லைக் கடிச்சிகினு ஒக்காந்தாரு. பல்லு வலி வந்ததுதான் மிச்சம். டீக்கடையில தோஸ்துங்க முன்னாடி கிளாசையே தொடமாட்டாரு. டீ புடிக்காதுன்னு புளுகு வேற. மொதல்ல எனக்கு சிரிப்பு வந்துச்சு, அப்பால பாவமா இருந்துச்சு.

நடுவுல எங்க பொண்ணு அம்முவுக்குக் கல்யாணம். எங்க வழக்கத்துல புத்தர் முன்னாடி பொண்ணோட அப்பன்தான் மெழுகுவத்தி ஏத்தணும். ஒரு மாசமா ஒத்திகை. தீப்பெட்டி தீந்துது, வெரலு வெந்துது. முந்தின நாளு, என் தம்பி ஏத்தட்டும், நான் வரலன்னு மூஞ்சியத் திருப்பிகினாரு. நீ ஏத்தலன்னா கல்யாணமே வேணாம்னு அம்மு அழுதா.

வந்தாரு. குச்சியக் கொளுத்தி, வலது கைய எடது கையால இறுக்கிப் புடிச்சாரு. ரெண்டும் சேந்து ஆடுச்சு. மூணு குச்சி அணைஞ்சுது. சனம் மொத்தமும் பாத்துகினு கீது, மனுசன் நெத்தியெல்லாம் வேர்வை. எனக்குத் தாங்கல. கிட்டப் போயி சொன்னேன்:

"கையை எறக்குய்யா. ஆடினா இன்னா இப்ப?"

அவருகிட்ட அந்த வார்த்தைய ஒருத்தரும் சொன்னதில்ல. மொறைச்சாரு. கொஞ்ச நேரத்துல எடது கை தானா எறங்குச்சு. நாலாவது குச்சியக் கொளுத்தினாரு. வலது கை அது இஷ்டத்துக்கு ஆடுச்சு, ஆடட்டும்னு வுட்டுட்டாரு. அம்மு மெழுகுவத்தியத் தூக்கி, ஆடுற குச்சிகிட்ட கொண்டாந்தா. பத்திகிச்சு.

பந்தி முடிஞ்சதும் தோஸ்துங்களுக்கு நடுவுல ஒக்காந்து டீ வாங்கினாரு. பாதி வாய்க்குள்ள, பாதி புது வெள்ளை சட்டைமேல. கூச்சமேயில்லாம இன்னொண்ணு கேட்டாரு. அவருக்கு ஞானம் வந்துடுச்சாம். சட்டை தொவைக்கிறவளுக்கு எப்ப வருமோ?