பூங்காவைச் சுத்தம் செய்தும் தீராத தண்டனை

டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. கண்டபடி கார் ஓட்டியதற்காக என் கணவருக்கு நீதிபதி சமூக சேவை விதித்தார். சனிக்கிழமைதோறும் ஆரஞ்சு உடுப்பு மாட்டிக்கொண்டு பூங்காவில் குப்பை பொறுக்கி, குறைவில்லாமல் முடித்தார். சேவையை நடத்திய அலுவலகத்தில் ஒரு கட்டணம் கேட்டார்களாம். அதை நன்கொடை என்று நினைத்துவிட்டார்.

"வெயில்ல வேலையும் செஞ்சுட்டு டொனேஷன் வேற குடுக்கணுமா? இஷ்டம் இருந்தா குடுக்கறதுதானே," என்றார். நானும் ஆமாம் என்றேன்.

அந்த அலுவலகமே அந்தப் பணத்தில்தான் நடக்கிறது, கட்டும்வரை சேவை முடிந்ததாகக் கோர்ட்டுக்குச் சொல்ல மாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது.

சில மாதம் கழித்து, மளிகை வாங்கித் திரும்பும்போது, பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் எங்களை நிறுத்தியது. லைசென்ஸை வாங்கிப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. இன்னொரு போலீஸ் கார் வந்து நின்றது. பிறகு என் கணவரை இறக்கி, கைவிலங்கு மாட்டினார்கள். சமூக சேவையை முடிக்கவில்லை என்று வாரண்ட் இருக்கிறதாம். பின்சீட்டிலிருந்து எங்கள் ஐந்து வயது மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கு. லாயருக்கு போன் பண்ணு," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கட்டணத்தைக் கட்டி அழைத்து வந்தேன். இப்போதெல்லாம் எந்த அலுவலகத்திலும் "இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?" என்று கேட்காமல் நகர்வதில்லை. கட்டணம் கட்டிய ரசீது காரிலேயே இருக்கிறது.

பின்னால் போலீஸ் கார் தெரிந்தால் மகள், "டிட் டாடி பே?" என்று, அப்பா பணம் கட்டிவிட்டாரா என்று கேட்கிறாள். அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொள்கிறார்.