ஒயரக்காவும் மணல் மூட்டையும்

ஒயரக்காவுக்குப் போட்டியாக நின்றது ஒரு மணல் மூட்டை. எடை ஐம்பத்தைந்து கிலோ. வாயைத் தைத்து, முத்திரை குத்தி, விமானக் கொட்டகையின் சுவரோரம் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அது எல்லாப் பரிசோதனையிலும் தேறிவிட்டது. ஒயரக்கா ஒன்றில் தேறவில்லை.

அந்தக் கொட்டகையில் இருபத்தொன்பது வருஷமாக விமானங்களுக்கு ஒயர் இழுத்தவள் அவள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஒரு போர்விமானத்துக்குள் ஓடும் ஒயரை எல்லாம் உருவி நீட்டினால் பக்கத்து ஊர் போய்த் திரும்பலாம். அதில் பாதி அவள் கை பட்டது. அவள் கால் மட்டும் ஒரு நாளும் தரையை விட்டுக் கிளம்பியதில்லை. ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தாலே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க மறந்துபோகிற ஆள்.

கொட்டகையில் அப்போது இரண்டு விமானங்கள் இருந்தன. ஒன்றை விமானி ஓட்டுவார். இன்னொன்றில் ஆள் கிடையாது. முன்னதில் பாதி அளவு. தானே உருளும், தானே பறக்கும். விமானி போகிற இடமெல்லாம் வலப்பக்கமாகப் பின்தங்கிக் கூடவே போகும். தரையில் அறுபதடி இடைவெளி, ஆகாயத்தில் அரை மைல். சண்டை என்று வந்தால் ஆபத்தான இடத்துக்கு முதலில் அதுதான் போகவேண்டும். சுடலாமா வேண்டாமா என்பது மட்டும் விமானிக்குப் பின்சீட்டில் இருக்கும் மனுஷர் கையில். காகிதத்தில் இரண்டுக்கும் நீளநீளமாகப் பெயர் இருந்தது. கொட்டகையில் முன்னது மாப்பிள்ளை, பின்னது தோழன்.

இரண்டும் முதல்முறை சேர்ந்து பறப்பது அந்த வாரத்திலேயே. பின்சீட்டில் ஒருவர் உட்கார்ந்து திரையில் தோழனைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். ஆள் அமையாவிட்டால் சீட்டில் எடைக்கு அந்த மணல் மூட்டை. தோழனின் மூளையான புரோகிராமை எழுதிய உயரமான பையன், நெட்டைதான் போயிருக்க வேண்டியவன். ஆனால் அவனை சீட்டில் உட்காரவைத்து அளந்து பார்த்தபோது, ஆபத்தில் சீட் தெறித்து வெளியே போனால் முழங்கால் இரண்டும் விமானத்திலேயே தங்கிவிடும் என்று தெரிந்தது.

"ஒயரக்காவ அனுப்புங்க. உள்ள எந்த ஒயர் எங்க போகுதுன்னு அவங்களுக்குக் கண்ண மூடிக்கிட்டே தெரியும்" என்றார் விமானி.

அன்றைக்கே அவளுக்குத் தலைகால் புரியாமல் போனது. மறுநாள் டீயில் உப்பைப் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரியின் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். மருத்துவப் பரிசோதனையில் கண் சரி, காது சரி, ரத்த அழுத்தம் சரி. நாடி மட்டும் அடங்கவே இல்லை. நூற்றுக்குள் இருக்கவேண்டும். மருத்துவ அறை நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்து எண்ணியபோது நூற்றுப் பதினெட்டு.

"மூணு தடவைதான் பாக்கலாம்னு சட்டம். கடைசித் தடவை நாளைக்கழிச்சு நாலு மணிக்குள்ள. அதுக்குள்ள உடம்ப அடக்கிட்டு வா. இல்லாட்டி மூட்டை போகும், திரைய கீழ இருந்தே பாத்துக்குவாங்க" என்றாள் நர்ஸ். இருவரும் ஒரே வருஷம் வேலையில் சேர்ந்தவர்கள், வாடி போடிதான்.

"மூட்டைக்கு என்னடி தெரியும்?"

"மூட்டைக்கு நாடி துடிக்காது. அது போதும்."

ஒயரக்காவின் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்ந்தவர். முப்பது பிள்ளைகள் கத்தும்போதும் கியர் மாற்றத் தவறாத மனுஷர்.

"சண்டைக்குப் போற சாமான். அதுக்கா இந்தக் கொண்டாட்டம்?" என்று கேட்டார்.

"சண்டையில எனக்கு என்ன கொண்டாட்டம்? ஓட்டிட்டுப் போற பிள்ளை உசுரோட திரும்பணும்னுதான் அதைச் செய்யறாங்க. பறக்கற அன்னிக்கு அதுல குண்டே கிடையாது, சிமென்ட்டு அடைச்ச டம்மிதான். நான் மேல போறேன்ல, அதுக்குத்தான் கொண்டாட்டம்."

"சரி, அப்ப துக்கமா எதையாவது நினைச்சுக்கோ. உங்க அண்ணி வந்து பத்து நாள் தங்கறதா நினை. தன்னால அடங்கிடும்."

அடுத்த நாள் அண்ணியை நினைத்துக்கொண்டே கையை நீட்டினாள். நூற்று இருபத்துநாலு.

"இப்ப என்னத்த நினைச்ச?"

"எங்க அண்ணிய."

"இனிமே நினைக்காதே" என்றாள் நர்ஸ், எழுதிக்கொண்டே.

மூன்றாம் நாள் மூன்று மணிக்கு தோழனைத் தரையில் உருட்டிப் பார்க்கிற வேலை இருந்தது. மாப்பிள்ளையை வீணாக ஓட்டவேண்டாம் என்று அதற்குப் பதில் ஒரு ஜீப். சோப்புப் பெட்டி அளவில் ஒரு வழிகாட்டிப் பெட்டி உண்டு. அது எங்கே இருக்கிறதோ அதுதான் தோழனுக்குத் தலைவன். விமானமா ஜீப்பா என்றெல்லாம் அது பார்க்காது. ஜீப்பிலிருந்த பெட்டியில் இணைப்புப் பின் ஒன்று தளர்ந்து ஆடியது. ஒயரக்கா அதைக் கழற்றி எடுத்துவந்தாள்.

கழற்றியது இடது பாக்கெட், மாட்டவேண்டியது வலது பாக்கெட். இருபத்தொன்பது வருஷமாக அவள் வைத்திருக்கும் ஒழுங்கு அது. வேலை முடிந்தால் இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் நகர்வாள். அன்றைக்குப் பின்னைப் பற்றவைத்தாள், பெட்டியைப் போட்டுப் பார்த்தாள், பச்சை விளக்கு எரிந்தது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தால் நாலாக இருபது நிமிஷம். விளக்கு எரிந்தபடியே பெட்டி இடது பாக்கெட்டுக்குள் போனது. அவள் மருத்துவ அறைக்கு நடையைக் கட்டினாள்.

அவள் ஒரு வேலையைப் பாதியில் விட்டு நெட்டை பார்த்ததே இல்லை. பெட்டி ஜீப்பில்தான் இருக்கிறது என்று நம்பித் தோழனைக் கிளப்பினான், ஜீப்பில் ஏறி முன்னால் ஓட்டினான். பாதி ஓடுதளம் கடந்து கண்ணாடியில் பார்த்தால் பின்னால் யாரையும் காணோம்.

தோழன் திரும்பி ஒயரக்காவின் பின்னால் போய்க்கொண்டிருந்தது. வலப்பக்கம், அறுபதடி, அவள் நடக்கிற வேகத்தில். எஞ்சின் சத்தம் அவளுக்கு மூச்சுச் சத்தம் மாதிரி. காதில் ஏறவே இல்லை.

மருத்துவ அறையில் கையை நீட்டினாள். நர்ஸ் எண்ணினாள். நூற்று முப்பத்தொன்று.

"போச்சு. மூட்டைய ஏத்தச் சொல்லிடறேன்" என்று பேனாவை எடுத்தவள், ஜன்னலைப் பார்த்து நிறுத்தினாள். "உன் பின்னாடி யாரையாவது கூட்டிட்டு வந்தியா?"

வேலிக்கு அந்தப் பக்கம் தோழன் மூக்கை நீட்டிக்கொண்டு பவ்வியமாக நின்றிருந்தது. வேலியோரக் கொடியில் நர்ஸ் துவைத்துப் போட்ட ஆறு படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும். எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க, எல்லாம் அதன் பக்கமாகச் சாய்ந்து ஆடின. ஒரு விரிப்பு உள்ளே போனால் போதும். எஞ்சின் காலி, நாளைக்கு மூட்டைகூடப் பறக்காது.

ஒயரக்கா பாக்கெட்டைத் தொட்டாள். உடனே வெளியே போனாள்.

தூரத்தில் நெட்டை நிறுத்து பட்டனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அழுத்தாதடா" என்று கையைக் காட்டினாள். அழுத்தினால் சக்கரம்தான் நிற்கும். எஞ்சின் சூடு தணிய இரண்டு நிமிஷம் சுற்றிக்கொண்டே இருக்கும், விரிப்புகளுக்குப் பக்கத்திலேயே. அவள் ஓடினால் அதுவும் ஓடிவரும். ஆகவே நடந்தாள். வேலியை ஒட்டி வெளியே வந்து, இடப்பக்கம் பெரிதாக ஒரு வளைவு எடுத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெயில் சாயக் காற்று வாங்கப் போகிறவள் போல. தோழனும் மூக்கைத் திருப்பிக்கொண்டு அதே வளைவில் அவள் பின்னால் வந்தது. கொட்டகை வாசலில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். ஒருவன் சல்யூட் அடித்தான், யாருக்கு என்று தெரியவில்லை.

வெட்ட வெளிக்கு வந்ததும், "இப்ப அழுத்து" என்றாள். சக்கரம் நின்றது, இரண்டு நிமிஷத்தில் எஞ்சினும் அடங்கியது.

"மன்னிச்சுக்கோடா. பெட்டி என்கிட்ட. ரிஜிஸ்டர்ல என் கையாலயே எழுதறேன்."

"அதை விடுங்கக்கா. உள்ள ஏதாவது போயிருக்குமா?"

அவள் ஏற்கனவே மண்டி போட்டு, காற்றிழுக்கும் வாயில் தோள்வரை கையை விட்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். விரல்தான் பார்த்தது. உள்ளே எஞ்சினுக்கு முன்னால் இருந்த காப்பு வலையில் ஏதோ மெத்தென்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கிழியாமல் நூல் நூலாக விடுவிக்க நேரம் பிடித்தது. இடது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கையை யாரோ பிடித்தார்கள்.

"யாருடி?"

"பேசாதே. எண்ணிட்டிருக்கேன்." நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள். ஒரு முழு நிமிஷம். ஒயரக்கா வலையிலிருந்து ஒரு தலையணை உறையை முழுசாக வெளியே இழுத்தாள்.

"எழுபத்தாறு" என்றாள் நர்ஸ்.

"மூணு தடவை ஆயிடுச்சே" என்றான் நெட்டை.

"அந்த நூத்தி முப்பத்தொண்ணை நான் இன்னும் எழுதவே இல்லையே. பேனாவ எடுத்தேன், ஜன்னல்ல ஏரோப்ளேன் வந்து நின்னுடுச்சு. மணி நாலாக ரெண்டு நிமிஷம் இருக்கு. எந்த இடத்துல பாக்கணும்னு சட்டத்துல இல்ல. இவளுக்கு வேலை கையில இருந்தா நாடி சரியா இருக்கு, மேலயும் வேலைக்குத்தானே போறா." கையெழுத்துப் போட்டாள். "அந்த உறைய இப்படிக் குடு. என்னோடது."

விமானி ரிஜிஸ்டரில் ஒயரக்கா எழுதிய மூன்று வரியையும் படித்தார். "பறக்கலாம். ஆனா உங்க பாக்கெட்டைத் தைச்சு மூடிட்டு வாங்கக்கா" என்றார். வீட்டுக்காரர் அதை இரட்டைத் தையலாகவே போட்டார்.

மறுநாள் காலை பத்தரைக்கு மாப்பிள்ளை மேலே போனது. கொட்டகை தீப்பெட்டியாகி, தீக்குச்சி முனையாகி, இல்லாமலே போனது. திரும்பிப் பார்த்தால் வலப்பக்கம் அரை மைலில் வெயில் பளபளக்கத் தோழன். அவள் திரையைப் பார்த்தாள். எல்லாம் பச்சை.

"எப்படிக்கா இருக்கு?" என்றார் விமானி.

"முன்னாடி பாத்து ஓட்டுங்க சார். ஒழுங்காத்தான் வர்றான்" என்றாள், குரல் கீச்சென்று வந்தது.

அவள் மார்பில் கட்டிவிட்ட பட்டை நாடியைக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தது. நூற்று நாற்பத்திரண்டு. நர்ஸ் அந்தத் திரையை நெட்டை பக்கம் திருப்பிவிட்டாள்.

"இதுக்கு ஏதாவது சட்டம் இருக்கா?" என்று அவன் கேட்டான்.

"தரையை விட்டுப் போனப்புறம் என் கணக்குல வராது."

அந்த மணல் மூட்டை இப்போது மருத்துவ அறைக்குப் பின்னால் இருக்கிறது. முத்திரைகூடக் கலையவில்லை. தோழன் வந்துபோனதில் சாய்ந்த கொடிக்கம்பம் ஒன்றை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒயரக்கா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிறாள்.